பன்னிரண்டு ஹிட்டுக்கு ஒரு ரன் இல்லை: பேஸ்பால் எப்படி இயங்குகிறது?

1959 மே 26, செவ்வாய்க்கிழமை இரவு. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து கவுன்டி ஸ்டேடியத்தில் 19,194 பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளூர் அணி மில்வாக்கி பிரேவ்ஸ், எதிரே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் பதின்மூன்று வரை போனது. அதில் பைரேட்ஸ் 12 ஹிட் அடித்தார்கள், ஒரு ரன்கூட வரவில்லை. பிரேவ்ஸ் அடித்தது ஒரே ஹிட். அதற்கு ஒரு ரன் வந்தது, ஜெயித்துவிட்டார்கள். பைரேட்ஸின் பிட்சர் ஹார்வி ஹாடிக்ஸ், முதல் 12 இன்னிங்ஸில் தன் முன்னால் வந்து நின்ற 36 பேரையும் ஒருவர் விடாமல் அவுட் ஆக்கியிருந்தார். தோற்றவர் என்று எழுதப்பட்டதும் அவர் பெயர்தான்.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடாது. கிரிக்கெட்டில் அடித்து ஓடியதெல்லாம் சேர்ந்துகொண்டே போகும். மூன்றாவது ஓவரில் ஓடிய ஒற்றை ரன் கடைசிப் பந்துவரை கணக்கில் நிற்கும். பேஸ்பாலில் அப்படிச் சேமிப்பு எதுவும் கிடையாது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மில்வாக்கியில் நடந்தது முழுவதும் புரியும். அதற்கு அடுப்படிக்குள் போவதுதான் நல்ல வழி.

விறகடுப்பில் பால் காய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். பானையில் பச்சைப் பால். பக்கத்தில் மூன்றே மூன்று விறகு. பால் விளிம்பைத் தாண்டிப் பொங்கி வழிந்தால்தான் கணக்கு. கொதித்தது, நுரைத்தது, விளிம்புவரை வந்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. மூன்று விறகும் எரிந்து சாம்பலானதும் பானையை இறக்கி, பாலைக் கீழே கொட்டிவிட வேண்டும். அடுத்த முறை மறுபடி பச்சைப் பால், மறுபடி மூன்று விறகு. போன பானையில் இருந்த சூட்டில் ஒரு துளியும் இந்தப் பானைக்கு வராது.

விறகு என்று நான் சொல்வது அவுட். ஒரு அணிக்கு ஒரு இன்னிங்ஸில் மூன்று அவுட், ஒன்பது இன்னிங்ஸுக்கு இருபத்தேழு. பேஸ்பாலில் ஆட்டத்தை முடித்துவைக்கும் கடிகாரம் இல்லை, ஓவர் கணக்கும் இல்லை. விறகு இருக்கும்வரை அடுப்பு எரியும். பேட்டர் கையில் இருப்பது ஊதுகுழல். பந்தை யாரும் பிடிக்க முடியாத இடத்தில் அடித்துவிட்டு ஓடி, பேஸில் போய் நின்றால் அதுதான் ஹிட்; தீ ஒரு படி ஏறுகிறது. முதல் பேஸில் ஒருவர் நின்றால் பால் வெதுவெதுப்பாகிவிட்டது. அடுத்தவர் அடிக்க, முன்னவர் இரண்டாம் பேஸுக்கு நகர்ந்தால் ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழி. மூன்றாம் பேஸை எட்டினால் ஏடு மேலே தூக்குகிறது. நான்காவது இடமான ஹோம் பிளேட்டுக்கு வந்து சேர்ந்தால் பொங்கி வழிந்தது. ஒரு ரன். எதிரணியின் பிட்சரும் அவரோடு களத்தில் நிற்கும் எட்டுப் பேரும் தீயை அணைக்க நிற்பவர்கள்.

இதிலிருந்து வருவதுதான் பேஸ்பாலின் அடிப்படை விதி. எத்தனை முறை ஊதினார்கள் என்பதைவிட, மூன்று விறகு தீர்வதற்குள் அடுத்தடுத்து ஊதினார்களா என்பதுதான் ரன்னைத் தீர்மானிக்கிறது. பதின்மூன்று பானைக்கு ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு ஊது ஊதினால் எல்லாப் பாலும் வெதுவெதுப்பாகும், எதுவும் பொங்காது. அதே பன்னிரண்டில் நான்கு ஒரே பானைக்கு விழுந்தால் அடுப்பே நனைந்துவிடும்.

பைரேட்ஸுக்கு அன்றிரவு நடந்தது முதலாவது. அவர்களுக்கு எதிராகப் பந்து வீசியவர் லூ பர்டெட். சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில், 1957-ல், நியூயார்க் யாங்கீஸை மூன்று முறை முழு ஆட்டம் வீசி வென்றவர். அவருடைய அன்றைய பந்துவீச்சைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. பன்னிரண்டு பேரை அடிக்கவிட்டார், ஆனால் பன்னிரண்டும் சிங்கிள், அதாவது ஒரு பேஸுக்கு மேல் தராத அடி. அதோடு பதின்மூன்று இன்னிங்ஸில் ஒருவரைக்கூட ‘வாக்’ முறையில் இலவசமாக பேஸுக்கு அனுப்பவில்லை. பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்கு வெளியே நான்கு பந்து போனால் அவர் நடந்தே முதல் பேஸுக்குப் போய்விடலாம். தீக்கு எதிரணியே விசிறிவிடுவது அது. பர்டெட் விசிறவில்லை. தீ ஏறிய நேரங்களில் மூன்று முறை டபுள் பிளேயும் நடந்தது. ஒரே அடியில் இரண்டு பேரை அவுட் ஆக்குவது, பொங்கி வரும் பாலில் ஒரு கை தண்ணீர் தெளிப்பதைப் போன்றது. நுரை தடாலென்று கீழே இறங்கிவிடும், ஒரே நேரத்தில் இரண்டு விறகும் போய்விடும்.

கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராக வருகிறது. பைரேட்ஸ் பேட்டர்கள் மொத்தம் 47 முறை வந்து நின்றார்கள். 39 அவுட். பேஸில் நின்றபடியே இன்னிங்ஸ் முடிந்துபோனவர்கள் 8 பேர். ரன் பூஜ்யம். அந்த எட்டுப் பேரும் கொட்டப்பட்ட பாலில் இருந்த சூடு.

இதில் மூன்றாவது இன்னிங்ஸை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். முதல் பேஸில் ரோமன் மெஹியாஸ். பேட் செய்ய வந்தவர் ஹாடிக்ஸ். அந்தக் காலத்தில் பிட்சரும் பேட் செய்தாக வேண்டும். அவர் அடித்த பந்து பர்டெட்டின் காலில் பட்டுத் தெறித்தது. ஹாடிக்ஸ் முதல் பேஸை எட்டிவிட்டார், அது ஹிட். மெஹியாஸ் இரண்டாம் பேஸில் நின்றிருந்தால் போதும். அவர் நிற்காமல் மூன்றாம் பேஸுக்கு ஓடினார். பிரேவ்ஸின் ஜானி லோகன் பந்தை எடுத்து எறிந்து அவரை அவுட் ஆக்கிவிட்டார். அடுத்து வந்த டிக் ஸ்கோஃபீல்ட் ஒரு சிங்கிள் அடித்தார். மெஹியாஸ் இரண்டாம் பேஸில் காத்திருந்தால் அந்த அடியில் ஹோம் பிளேட்டைத் தொட்டிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. குமிழி வந்துகொண்டிருந்த பானையில் ஒரு விறகை வீணாக உருவிப் போட்டதற்குச் சமம் அது. அந்த ஆட்டத்தின் திருப்புமுனை எது என்று கேட்டால் எல்லோரும் பதின்மூன்றாவது இன்னிங்ஸைக் காட்டுவார்கள். நான் இந்த மூன்றாவது இன்னிங்ஸைத்தான் காட்டுவேன். அந்த ஒரு ரன் வந்திருந்தால் ஆட்டம் ஒன்பதிலேயே முடிந்து, ஹாடிக்ஸ் பெயர் வேறு பட்டியலில் இருந்திருக்கும்.

அடுத்து, பக்கத்து அடுப்புக்கு வருவோம். அங்கே பன்னிரண்டு பானை ஏறி இறங்கியும் பால் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை.

ஹாடிக்ஸுக்கு அப்போது வயது 33. ஒஹாயோ மாநிலத்துக்காரர், இடது கைப் பிட்சர், உருவத்தில் சிறியவர். செயின்ட் லூயிஸ் அணியில் இளைஞராக இருந்தபோது அங்கே ‘பூனை’ என்று பெயரெடுத்த ஹாரி பிரச்சீன் என்ற மூத்த பிட்சரின் சாயல் இவரிடம் இருந்ததால், இவருக்குப் ‘பூனைக்குட்டி’ என்று பெயர் வந்தது. அன்று அவருக்கு ஜலதோஷமும் உடல் வலியும். அந்த உடம்போடுதான் வந்து நின்றார். எதிரே இருந்தவர்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. பிரேவ்ஸ் 1957-லும் 1958-லும் நேஷனல் லீகை வென்ற அணி. எடி மாத்யூஸ் அந்த ஆண்டு 46 ஹோம் ரன் அடித்தார். ஹாங்க் ஆரனின் அந்த ஆண்டு பேட்டிங் சராசரி .355, அதாவது ஆயிரத்துக்கு 355 முறை ஹிட். ஜோ ஆட்காக் 1954-ல் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தவர். ஹோம் ரன் என்பது பந்தை வேலிக்கு அப்பால் அனுப்புவது. அதற்குப் படிப்படியாகச் சூடேற்றும் வேலை இல்லை, பச்சைப் பாலும் ஒரே ஊதில் பொங்கிவிடும். அப்படி ஊதத் தெரிந்த மூன்று பேர் வரிசையாக நின்ற அணி அது.

ஹாடிக்ஸ் பெரும்பாலும் இரண்டு வகைப் பந்தை வைத்துக்கொண்டே வேலையை முடித்தார்: நேராகப் பாயும் வேகப்பந்து, கடைசி நொடியில் பக்கவாட்டில் விலகும் ஸ்லைடர். வேகம் பெரிதில்லை, நினைத்த மூலையில் பந்தை வைத்தார் என்பதுதான் விஷயம். எட்டுப் பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடித்து ஆட விடாமலே அவுட் ஆக்கினார்; மற்றவர்கள் அடித்த பந்துகளைப் பின்னால் நின்றவர்கள் கவனித்துக்கொண்டார்கள். மூன்றாவது இன்னிங்ஸில் லோகன் அடித்த ஒரு பந்தை ஸ்கோஃபீல்ட் எகிறிப் பிடித்தார். ஆறாவதில் அதே லோகன் தரையோடு ஓட்டிய பந்தை அதே ஸ்கோஃபீல்ட் தூரத்திலிருந்து எறிந்து அவுட் ஆக்கினார். ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசி ஆளாக வந்தவர் எதிரணிப் பிட்சர் பர்டெட். அவரையும் ஸ்டிரைக் அவுட் செய்து 27 பேரை 27-ஆக முடித்தார். வேறு எந்த இரவாக இருந்தாலும் அந்த இடத்தில் சக வீரர்கள் அவரைத் தோளில் தூக்கியிருப்பார்கள். ஆனால் பர்டெட்டும் ரன் கொடுக்கவில்லையே. ஸ்கோர் 0–0. அமெரிக்கப் பெரிய லீகுகளில் பொதுவாக டிரா கிடையாது. சமமாக இருந்தால் இரு தரப்புக்கும் இன்னும் மூன்று மூன்று விறகு. யாராவது ஒருவரின் பால் பொங்கும்வரை அப்படியே போகும்.

ஹாடிக்ஸ் மறுபடி பந்து வீசப் போனார். பத்தாவது, மூன்று பேர். பதினொன்றாவது, மூன்று பேர். பன்னிரண்டாவது, மூன்று பேர். ஒரே ஆட்டத்தில் முதல் ஆளிலிருந்து தொடங்கி 36 பேரை வரிசையாக அவுட் ஆக்கியவர் அமெரிக்கப் பெரிய லீகுகளில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இதோடு இன்னொன்றும் உண்டு. பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர் கேட்சர். பைரேட்ஸின் கேட்சர் ஸ்மோக்கி பர்ஜெஸ் பருத்த உடம்புக்காரர், முழுதாகக் குந்தி உட்கார அவரால் முடியாது. அடுத்து என்ன பந்து போடலாம் என்று கேட்சர் தொடைகளுக்கு நடுவே விரல்களால் பிட்சருக்குச் சைகை காட்டுவது வழக்கம். பர்ஜெஸின் விரல்கள் தூரத்தில், பிரேவ்ஸின் மாற்றுப் பிட்சர்கள் உட்கார்ந்திருந்த மூலைக்கே தெரிந்தன. அவர்கள் ஒரு துண்டை வைத்து பேட்டருக்கு ஜாடை காட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து அந்த அணியின் பிட்சர் பாப் பூல் வெளியே சொன்னார். என்ன பந்து வருகிறது என்று தெரிந்துகொண்டே நின்றவர்களை ஹாடிக்ஸ் வரிசையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த இரவைப் பற்றி நான் படித்ததில் என்னை இதைவிட அசரவைத்த செய்தி வேறில்லை. பந்து இன்னது என்று தெரிந்தாலும், அது வந்து விழும் இடம் சரியாக இருந்தால் அடிக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பதின்மூன்றாவது இன்னிங்ஸ். பைரேட்ஸ் மறுபடி ரன் இல்லாமல் முடித்துவிட்டார்கள். பிரேவ்ஸின் முதல் ஆள் ஃபீலிக்ஸ் மன்டியா, ஹாடிக்ஸ் சந்தித்த முப்பத்தேழாவது பேட்டர். அவர் அடித்தது தரையோடு உருண்டு மூன்றாம் பேஸில் நின்ற டான் ஹோக்கிடம் போன சாதாரணப் பந்து. ஹோக் பந்தை எடுத்தார், நேரமும் இருந்தது, முதல் பேஸுக்கு எறிந்தார். எறி தாழ்ந்துபோய்விட்டது. அங்கே நின்ற ராக்கி நெல்சனால் பிடிக்க முடியவில்லை. மன்டியா முதல் பேஸில் நின்றார். அணைக்க வேண்டிய கையே அடுப்பை ஊதிவிட்டது. பேஸ்பாலில் இதற்கு எரர் என்று தனிப் பதிவு உண்டு. ஹிட் என்று எழுத மாட்டார்கள், ஆனால் ஆள் பேஸில் நிற்பது நிற்பதுதான்.

அடுத்து மாத்யூஸ். அந்த ஆண்டு 46 ஹோம் ரன் அடித்த மனிதர் பேட்டை முழுதாகச் சுற்றாமல், பந்தை மெல்லத் தொட்டு முன்னால் உருட்டினார். அவர் அவுட், மன்டியா இரண்டாம் பேஸில். இந்த பன்ட் என்பது ஒரு விறகைத் தெரிந்தே எரித்துப் பாலை ஒரு படி ஏற்றுவது. ஒரே ஒரு ரன் போதும் என்ற நிலையில் மட்டும் இது நியாயமான வியாபாரம். மாத்யூஸ் போன்ற ஒருவரை அப்படி ஆட வைத்ததிலிருந்தே பிரேவ்ஸ் ஹாடிக்ஸை எவ்வளவு மதித்தார்கள் என்று தெரிகிறது.

அடுத்தவர் ஆரன். அவருக்குப் பந்து போட வேண்டாம் என்று முடிவு செய்து, வேண்டுமென்றே நான்கு பந்தை வெளியே போட்டு முதல் பேஸுக்கு அனுப்பினார்கள். இதற்கு அடுப்படியில் இணை சொல்ல எனக்குத் தெரியவில்லை. எதிரியின் பானையை நாமே சூடாக்குகிறோம் என்றுதான் தோன்றும். ஆனால் கணக்கு இருக்கிறது. முதல் பேஸிலும் ஆள் இருந்தால் தரையோடு வரும் ஒரு பந்தில் இரண்டு அவுட் எடுக்கலாம். மன்டியா ஓடிவந்தால் எப்படியும் ஆட்டம் முடிந்துவிடும், ஆரன் ஓடிவருவதால் கூடுதலாக எந்த நஷ்டமும் இல்லை. சரியான முடிவுதான்.

அதற்குப் பின் ஆட்காக். ஒரு ஸ்லைடர் நினைத்த இடத்தைவிட உயரமாகப் போய்விட்டது. ஆட்காக் அடித்தார். பந்து வலது நடுப்பக்க வேலியைத் தாண்டி விழுந்தது. பிரேவ்ஸின் முதல் ஹிட்.

இங்கே ஒரு வேடிக்கையான குழப்பம் நடந்தது. பந்து வேலிக்கு உள்ளேயே விழுந்ததாக நினைத்த ஆரன், மன்டியா ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது என்று கருதி, இரண்டாம் பேஸைத் தொட்டுவிட்டு மைதானத்தின் குறுக்கே தன் அணியினர் இருந்த பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார். ஆட்காக் தலைகுனிந்து பேஸ்களைச் சுற்றிக்கொண்டே ஓடியதில், தனக்கு முன்னால் ஓட வேண்டியவரைத் தாண்டிவிட்டார். முன்னால் ஓடுபவரைப் பின்னால் வருபவர் தாண்டினால் தாண்டியவர் அவுட். ஆகவே மூன்று ரன் தந்திருக்க வேண்டிய ஹோம் ரன், ஹோம் ரன்னாகவே இல்லாமல் போனது. அதை டபுள், அதாவது இரண்டு பேஸ் தரும் அடி, என்று மாற்றி, மன்டியாவின் ஒரு ரன்னை மட்டும் கணக்கில் வைத்து, 1–0 என்று லீக் தலைவர் வாரன் ஜைல்ஸ் தீர்ப்பளித்தார். என் பார்வையில் அந்த ஸ்கோர்தான் அந்த ஆட்டத்துக்குப் பொருத்தம். 3–0 என்று பதிவாகியிருந்தால், பார்ப்பவர்கள் ஒருதலையான ஆட்டம் என்று நினைத்துக் கடந்துபோயிருப்பார்கள்.

எரரும் பன்ட்டும் வாக்கும் டபுளும் ஒரே பானைக்கு, இடைவெளி இல்லாமல் விழுந்தன. பைரேட்ஸின் பன்னிரண்டு ஹிட்டும் பானைக்குப் பானை சிதறின. இரண்டு பிட்சர்களில் யார் சிறப்பாக வீசினார் என்ற கேள்விக்கு ஸ்கோர் பதில் சொல்வதில்லை. எந்தப் பானைக்கு ஊதுகள் சேர்ந்து விழுந்தன என்பதை மட்டும்தான் அது சொல்கிறது.

1991-ல் பெரிய லீகுகளின் பதிவுக் குழு ஒரு வரையறையைக் கொண்டுவந்தது. ஒன்பது இன்னிங்ஸோ அதற்கு மேலோ நடந்து, ஆட்டம் முழுவதுமாக முடியும்போதும் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட இல்லையென்றால்தான் ‘நோ ஹிட்டர்’ என்ற பட்டியலில் இடம். ஹாடிக்ஸின் ஆட்டம் அதோடு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. விதி என்ற முறையில் அதில் குற்றம் சொல்ல முடியாது, பதின்மூன்றாவதில் ஹிட் விழுந்தது உண்மை. ஆனாலும் அந்த முடிவு எனக்கு உடன்பாடில்லை. 27 பேரை அவுட் ஆக்கி நிறுத்தியவருக்கு இருக்கும் இடம், 36 பேரை அவுட் ஆக்கியவருக்கு இல்லை என்பது பட்டியலின் குறையே தவிர அவருடைய குறை இல்லை. அவர் 1994 ஜனவரியில் காலமானார்.

அந்த மில்வாக்கி இரவுக்கு அடுத்த ஆண்டு, 1960 அக்டோபர் 13, பிட்ஸ்பர்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். பைரேட்ஸ் 9–7 என்று முன்னால் இருக்க, ஒன்பதாவது இன்னிங்ஸில் யாங்கீஸின் முதல் இரண்டு பேரும் சிங்கிள் அடித்து பேஸில் நின்றார்கள். பால் ஏறிக்கொண்டிருந்த அந்த அடுப்பை அணைக்க அழைக்கப்பட்டவர் ஹாடிக்ஸ். அவரால் முழுதாக அணைக்க முடியவில்லை. மிக்கி மான்டில் அடித்த சிங்கிளில் ஒரு ரன், யோகி பெராவின் தரைப்பந்தில் இன்னொரு ரன், ஸ்கோர் 9–9. பைரேட்ஸ் பேட் செய்த அடுத்த பாதியில் முதல் ஆளாக வந்த பில் மாஸரோஸ்கி, பந்தை இடதுபக்கச் சுவருக்கு அப்பால் அனுப்பினார். பைரேட்ஸ் 10, யாங்கீஸ் 9. வென்ற பிட்சர் என்று அன்றைய ஆட்டப் பதிவில் இருக்கும் பெயர் ஹார்வி ஹாடிக்ஸ்.